ஏஜென்ட் செலவில் பார்த்த வீடு

வேலை பார்த்த இடத்தில் எல்லாரும் அவளை லாண்டரியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெரிய ஹோட்டல் ஒன்றின் அடித்தளத்தில், மேல்மாடி அறைகளிலிருந்து வந்து குவியும் விரிப்புகளையும் துண்டுகளையும் துவைத்து, உலர்த்தி, மடித்து மேலே அனுப்பும் பகுதிக்கு அவள்தான் பொறுப்பு. நீராவியும் சோப்பு நெடியும் குழல்விளக்கு வெளிச்சமும்தான் அங்கே. வெளியே மழையா பனியா என்பதை, வேலைக்கு வருகிறவர்களின் காலணியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

வேலை தரைக்குக் கீழே என்றால், வீடும் தரைக்குக் கீழேதான். குளிர் தேசத்தில் கையைக் கடிக்காத வாடகைக்கு அப்படிப்பட்ட வீடுதான் கிடைத்தது. சமையலறையில் கூரையை ஒட்டினாற்போல் ஒரே ஒரு ஜன்னல். அதில் தெரிந்தது நடைபாதையில் போகிறவர்களின் கால்கள் மட்டும். காலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாள். "மேல்வீட்டு டீச்சர் இன்னைக்கு யார்கூடவோ சண்டை போட்டுட்டுப் போறா, நடையைப் பாருங்க" என்பாள். அவள் கணவர் எட்டிப் பார்ப்பதற்குள் கால்கள் போயிருக்கும்.

"கொஞ்ச நாளைக்குத்தான்" என்று சொல்லித்தான் அவர் அந்த வீட்டுக்குக் கூட்டிவந்தார். மகள் அங்கேதான் பிறந்தாள், அந்த ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்துதான் படித்தாள், நர்ஸ் ஆனாள், கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாள். கொஞ்ச நாள் மட்டும் முடியவில்லை.

அவர் பஸ் டிரைவர். டிப்போவில் அவருக்குப் பட்டப்பெயர் 'சரிங்க'. ஷிஃப்டை மாற்றிக்கொள்ளலாமா என்று எவன் கேட்டாலும் "சரிங்க". வீடு மாற்றுகிறவன் கட்டில் தூக்கக் கூப்பிட்டால் "சரிங்க". அதே கட்டிடத்தில் மாடி வீடு காலியானபோதெல்லாம் அவர்தான் முதல் ஆளாகப் போய்க் கேட்டுவைத்துவிட்டு வருவார். மறுநாளே யாராவது வாசலில் வந்து நிற்பார்கள். "அண்ணா, வீட்டுல குழந்தை பொறந்திருக்கு, அந்த மாடி வீட்டை நாங்க எடுத்துக்கட்டுமா?" ஒரு தடவை குழந்தை. இன்னொரு தடவை ஒருவனுடைய அப்பாவுக்கு மூச்சுத்திணறல். எல்லாமே உண்மையான காரணங்கள்தான். அதுதான் கஷ்டம். பொய்க்காரணம் என்றால் அவளாவது வாசலுக்கு வந்து நாலு வார்த்தை கேட்டிருப்பாள்.

முகதாட்சண்யம் என்று இதற்கு அழகாக ஒரு பெயர் இருக்கிறது. கூடவே குடித்தனம் நடத்துகிறவளுக்குத்தான் அதன் எடை தெரியும். கூட்டத்தில் யாராவது "உங்க வீட்டுக்காரர் மாதிரி தங்கமான மனுஷன் கிடைக்கணுமே" என்று சொன்னால், "வேணும்னா எடுத்துட்டுப் போங்க, அவரே சரிங்கன்னு கிளம்பிடுவாரு" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார்.

ஓய்வு நெருங்கும் சமயத்தில், சாதாரணமாகப் பால் பாத்திரத்தைத் தூக்கியபோது அவளுக்கு மணிக்கட்டு முறிந்தது. படம் எடுத்துப் பார்த்த டாக்டர், எலும்பு சுண்ணாம்புக்கட்டி மாதிரி ஆகிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டு, "எல்லாத்துக்கும் மேல, வெயில் படணும்" என்றார். அன்று வீட்டுக்கு வந்ததும் ஜன்னலுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். சைக்கிள் சக்கரம் ஒன்று போயிற்று.

"வெயில் இருக்கிற ஊருக்குப் போயிடலாம்" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் தனக்கென்று சொன்ன முதல் விஷயம் அதுதான். சேமிப்பு இருந்தது. கடலோரத்தில், வருஷம் முழுக்கக் காய்கிற இன்னொரு தேசத்தில், இவர்களைப் போல ஓய்வு பெற்றவர்கள் வீடு வாங்கிக்கொண்டு போவதாகக் கேள்விப்பட்டிருந்தார்கள்.

அப்போதுதான் ஏஜென்ட் வந்து சேர்ந்தான். நம்மவன். தமிழ் பேசினான். டிப்போவில் யாரோ கொடுத்த நம்பரில் கூப்பிட்டதும் வீட்டுக்கே வந்து, குனிந்து படியிறங்கி, "அக்கா, டீ மட்டும் போதும்" என்று உட்கார்ந்தான். விமான டிக்கெட், ஹோட்டல், வேன், சாப்பாடு எல்லாம் அவர்கள் செலவு. போய் வீடுகளைப் பார்க்கலாம். பிடித்தால் வாங்கலாம், பிடிக்காவிட்டால் கடலைப் பார்த்துவிட்டு வரலாம். ஒரே நிபந்தனை, போன இடத்தில் அவர்கள் காட்டுகிற வீடுகளை மட்டும்தான் பார்க்க வேண்டும்.

மகளுக்கு அது பிடிக்கவே இல்லை. போனிலேயே கத்தினாள். "அப்பா, ஓசி டிக்கெட்னு போகாதீங்க. நீங்களா ஒரு ரூம் வாடகைக்கு எடுத்து ஒரு மாசம் தங்கிப் பாருங்க. மழை பெய்யறப்போ பாருங்க, பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட பேசுங்க. அவன் வேன்ல ஏத்தி இறக்குனா நீங்க எதைப் பார்ப்பீங்க?"

"பாஷை தெரியாத ஊருல நாங்க எங்கம்மா போய் நிக்கிறது? இந்தத் தம்பி எல்லாத்தையும் பார்த்துக்கிறேங்குது."

"அதான் பயமே. அம்மா, நீ சொல்லும்மா."

லாண்டரியக்கா போனை வாங்கி, "போய்ட்டுத்தான் வர்றோமேடி" என்றாள். அதை அவள் பிறகு மறைக்கவில்லை. அவளுக்கும் ஆசைதான். ஆயுசெல்லாம் அடுத்தவர்கள் படுத்த விரிப்புகளைத் துவைத்தவளுக்கு, யாரோ துவைத்துப் போட்ட விரிப்பில் படுத்துப் பார்க்கலாமே என்று இருந்தது.

படுத்தாள். விரிப்பில் இஸ்திரி மடிப்பு சரியில்லை என்பதைக் கவனித்துவிட்டு, அதையும் மீறி நன்றாகத் தூங்கினாள். காலையில் வேன் வந்தது. அவர்களைப் போலவே வேறு சில தம்பதிகளும் இருந்தார்கள். ஏஜென்ட் முன்சீட்டில் திரும்பி உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தான். இறங்கும்போது அவள் கையைப் பிடித்து இறக்கிவிட்டான். காலையில் வீடுகள். வெயில் ஏறியதும் கடற்கரை ஓரமாகப் பெரிய சாப்பாடு. சாப்பிட்டுக் கண் சொருகும் நேரத்தில் ஹோட்டலில் இறக்கிவிட்டு, "நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று போய்விடுவான். பிற்பகலில் எந்த வீட்டையும் அவன் காட்டவில்லை என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

கடைசியாகக் காட்டியது ஒரு புதுக் கட்டிடத்தின் முதல் மாடி வீடு. வெள்ளைச் சுவர்கள். சமையலறையில் சுவரை அடைக்கிற அளவுக்கு ஜன்னல். வெயில் உள்ளே வந்து தரையில் கிடந்தது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் போய் நின்றாள். பிறகுதான் வெளியே பார்த்தாள். எதிரே காலி மனை. அதில் வரிசையாகக் குச்சிகள் நட்டுச் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது.

"தம்பி, அது யார் இடம்?"

"அதுவாக்கா? தோட்டம் வரப்போகுது. நடைபாதை, பெஞ்ச்செல்லாம் போடுவாங்க."

"தோட்டத்துக்கு எதுக்கு இவ்வளவு நேரா குச்சி நட்டு வச்சிருக்காங்க?"

ஏஜென்ட் சிரித்தான். 'சரிங்க' அவள் முழங்கையைத் தொட்டார். "இவ்வளவு தூரம் செலவு பண்ணிக் கூட்டிட்டு வந்திருக்கு அந்தத் தம்பி. போலீஸ்காரி மாதிரி கேள்வி கேட்டுட்டு நிக்கிற."

அன்று பிற்பகல் அவர் தூங்கியதும் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். ஹோட்டலுக்குப் பின்னால் பழைய தெருக்கள். ஒரு திருப்பத்தில், தாழ்வான ஒரு வீட்டின் கதவில், விற்பனைக்கு என்று அந்த ஊர் எழுத்திலும், கீழே இங்கிலீஷிலும் எழுதிய அட்டை தொங்கியது. சுவரில் காரை பெயர்ந்திருந்தது. பக்கத்துக் கம்பிக்கதவு வழியே பின்முற்றம் தெரிந்தது. மாலை நேரத்திலும் வெயில் முற்றம் முழுக்க இருந்தது. கொடியில் ஒரு சட்டை காய்ந்துகொண்டிருந்தது. வெயிலில் துணி காய்வதை அவள் பார்த்து எத்தனையோ காலமாகியிருந்தது. உலர்த்தும் இயந்திரத்திலிருந்து வெளியே இழுப்பதுதான் அவளுக்குப் பழக்கம்.

ஓடாத குறையாகத் திரும்பி வந்து அவரை எழுப்பினாள். "ஒரு வீடு பார்த்தேன். வாங்க, போய்க் கேட்டுட்டு வந்துடலாம்."

அவர் எழுந்து உட்கார்ந்தார். "யாரோட வீடு?"

"யாரோடதா இருந்தா என்ன? விக்கிறாங்க."

"அவங்க காசுல வந்துட்டு, அவங்க ரூம்ல தூங்கிட்டு, அவங்களுக்குத் தெரியாம இன்னொருத்தன் வீட்டைப் போய்ப் பார்க்கிறதா? மானமுள்ளவங்க செய்யற வேலையா அது?"

"பார்த்தா மானம் போயிடுமா? வாங்கக்கூட வேண்டாம், பார்க்கத்தானே கூப்பிடறேன்."

"நாளைக்கு அந்தத் தம்பி முகத்தை எப்படிப் பார்ப்பேன்?"

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். தனியாகப் போய்க் கதவைத் தட்டியிருக்கலாம். பிறகு அதை ரொம்ப நாள் யோசித்திருக்கிறாள். அவளும் அந்த மனிதரோடு இத்தனை காலம் இருந்து ஊறிப்போனவள்தானே.

மறுநாள் ஏஜென்ட் ஆபீசில் காபி வந்தது, கேக் வந்தது. "அண்ணா, அந்த முதல் மாடி வீட்டையே பேசி முடிச்சிடலாமா? இன்னைக்கே சொன்னா என் மேலதிகாரிகிட்ட எனக்கும் மரியாதையா இருக்கும்" என்றான் ஏஜென்ட்.

"சரிங்க" என்றார் அவர்.

அவர் கையெழுத்துப் போட்டார். அடுத்து அவளும் போட்டாள். வேனில் ஏறியதும் மற்றவர்கள் கைதட்டினார்கள்.

ஒரு கோடைகாலம் முழுக்க அந்த வீட்டில் வெயில் இருந்தது. அவள் ஜன்னலோரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் கீரை ஆய்ந்தாள், மகளோடு போன் பேசினாள், சும்மா இருந்தாள். பிறகு எதிர்மனைக்கு ஒரு கிரேன் வந்து நின்றது. மழைக்காலம் முடிவதற்குள் நாலு மாடி எழுந்துவிட்டது. ஜன்னலைத் திறந்தால் எதிரே சாம்பல் நிறச் சுவர், அதில் அடுத்தவர்களின் குளியலறைக் குழாய்கள். காலையில் இரண்டு கட்டிடங்களுக்கும் நடுவில் இருக்கிற சந்து வழியே கொஞ்ச நேரம் ஒரு கீற்று விழும். பாத்திரம் தேய்க்கும் தொட்டியைத் தொட்டுவிட்டுப் போய்விடும். பகலெல்லாம் விளக்கு எரிந்தது.

'சரிங்க' ஏஜென்ட்டைப் போய்ப் பார்த்தார். கோபமாகத்தான் போனார். காபி குடித்துவிட்டு, வெயிலடிக்கிற கடற்கரைப் படம் போட்ட அவர்கள் கம்பெனிக் காலண்டரோடு திரும்பி வந்தார்.

"என்ன சொன்னான்?"

"அவனுக்கே தெரியாதாம். பாவம், அவனும் சம்பளத்துக்கு வேலை பார்க்கறவன்தானே."

"இந்தக் காலண்டர்ல வெயில் எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பார்த்து மாட்டுங்க."

அவள் விடவில்லை. அவரை நச்சரித்து, மகளை விட்டுப் பேசவைத்து, கடைசியில் தானே ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்து, ஏஜென்ட்டிடம் ஒரு வார்த்தை வாங்கினாள். இப்போது இருக்கிற வீடு விற்றுப்போனால், வேறு தெருவில் தரைத்தளத்தில் முற்றத்தோடு ஒரு வீடு பார்த்துத் தருவான். முதலில் இது விற்க வேண்டும். "அடுத்த வேன் வர்றப்போ ஒரு ஜோடியை உங்க வீட்டுக்கே கூட்டிட்டு வர்றேன்க்கா. நம்மாளுங்கதான். நீங்க கொஞ்சம் சிரிச்ச முகமா இருந்தா போதும்."

"எத்தனை மணிக்குக் கூட்டிட்டு வருவீங்க?"

"நீங்க சொல்லுங்க."

தொட்டிமேல் கீற்று விழும் நேரத்தை அவள்தான் சொன்னாள்.

முந்தின நாளே வீட்டைத் துடைத்தாள். எதிர்ச்சுவர் தெரியாதபடி மெல்லிய வெள்ளைத் திரை தைத்துப் போட்டாள். கீழ்வீட்டுக்காரியிடம் ஒரு செடி இரவல் வாங்கி ஜன்னலில் வைத்தாள். கணவரை எதிரே உட்காரவைத்துப் பாடம் நடத்தினாள். "நீங்க எதுவும் பேச வேண்டாம். டீயைக் கொடுங்க, சிரிங்க. உங்களைப் பொய் சொல்லச் சொல்லல. வாயை மூடிட்டு இருக்கச் சொல்றேன்."

"சரி" என்றார். அவளிடம் சொல்லும்போது அந்த 'ங்க' இருப்பதில்லை.

வந்தவர்கள் இவர்களை விடக் கொஞ்சம் சின்னவர்கள். அவன் லாரி ஓட்டியவன், குரல் பெரிது. அவள் தையல் தொழிற்சாலையில் இருந்தவள், கண்ணில் தடித்த கண்ணாடி. படியேறி வந்து மூச்சு வாங்கியவள், நேரே சமையலறைக்குத்தான் வந்தாள். தொட்டியின் மேல் விழுந்திருந்த வெளிச்சத்தில் கையை நீட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கண்ணு மங்கிட்டு வருதுக்கா. விளக்கு வெளிச்சத்துல ஊசியில நூல் கோக்க முடியல. நல்ல வெளிச்சம் இருந்தா இன்னும் கொஞ்ச காலம் தைக்கலாம்னு டாக்டர் சொன்னாரு. இந்த வெளிச்சம் சாயந்தரம் வரைக்கும் இருக்குமாக்கா?"

லாண்டரியக்கா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. டீக்கோப்பையின் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "இருக்கும்மா. நல்லா இருக்கும்."

"அப்பாடா" என்றாள் வந்தவள்.

அதே நேரம் கூடத்தில் லாரிக்காரன் 'சரிங்க'வின் தோளில் கைபோட்டிருந்தான். ஏஜென்ட் மாடிப்படியில் போன் பேசப் போயிருந்தான். பெரிய குரல்காரனுக்கு ரகசியம் பேசத் தெரியாது. சமையலறை வரைக்கும் கேட்டது. "அண்ணா, உங்களை என் கூடப்பொறந்தவரா நெனச்சுக் கேக்கறேன். என் பொண்டாட்டிக்குக் கண்ணு சரியில்ல. கையில இருக்கிறதெல்லாம் இதுலதான் போடறோம். இந்த வீடு வாங்கலாமா? நீங்க சொன்னா நம்பிடறேன்."

சமையலறையில் இரண்டு பெண்களும் பதிலுக்காகக் காத்து நின்றார்கள். லாண்டரியக்காவுக்குத் தெரிந்துவிட்டது. ஓடிப்போய் அவர் வாயைப் பொத்தலாம் என்றுகூட இருந்தது.

"வேண்டாம் தம்பி" என்றார் அவர். "வெயில் இந்த ஒரு மணி நேரம்தான். திரையை விலக்கிப் பாருங்க, எதிர்ல சுவர்தான்."

தையல்காரி திரையை விலக்கவில்லை. டீக்கோப்பையைக் குடிக்காமலேயே மேடைமேல் வைத்தாள். லாண்டரியக்காவை ஒரு தடவை பார்த்தாள். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். "வர்றோம்க்கா" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுத்தான் போனாள். லாரிக்காரன் வாசலில் நின்று 'சரிங்க'வின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க தெய்வம்ண்ணா" என்றான். ஏஜென்ட் அவர்களுக்குப் பின்னாலேயே படியிறங்கிப் போனான். அதற்கப்புறம் அவன் போனை எடுக்கவே இல்லை.

கதவைச் சாத்திவிட்டு அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். "பொய் சொல்ல மனசு வரல."

"உங்களைப் பொய் சொல்லச் சொல்லலையே. நான்தான் சொன்னேனே, எல்லாத்துக்கும் சேர்த்து."

"அந்தப் பொண்ணு கண்ணு..."

"தெரியும். கேட்டுட்டுத்தான் பொய் சொன்னேன்." அவள் செடியின் இலையிலிருந்த தூசியைத் துடைத்தாள். "நீங்க செஞ்சது சரிதான். ஊர்ல யாரைக் கேட்டாலும் சரின்னுதான் சொல்லுவாங்க. எப்பவும் நீங்கதான் சரி. எவன் வந்து தோள்ல கை போட்டாலும் உங்களுக்கு மனசு இளகிடுது. நான் மட்டும் என்ன பாவம் பண்ணேன்?"

அவர் உண்மையாகவே யோசித்தார். "நீ என்கிட்ட எதுவும் கேட்டதில்லையே."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் குத்திக்காட்டவில்லை. மனதில் பட்டதைத்தான் சொல்லியிருந்தார்.

"கேட்டேன்" என்றாள். "வெயில் கேட்டேன். ஒரு வீட்டை வந்து பார்க்கச் சொல்லிக் கேட்டேன். நீங்க தூக்கக் கலக்கத்துல இருந்தீங்க."

கீற்று போய்விட்டிருந்தது. அவள் எட்டி விளக்கைப் போட்டாள்.

மறுநாள் காலையில் அவள் செருப்பை மாட்டுவதைப் பார்த்து, "எங்கே? நானும் வரட்டுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம். நீங்க வந்தா எவன் முகத்தையாவது பார்ப்பீங்க."

தெருத் தெருவாகப் போனாள். பாஷை இல்லை. வாடகைக்கு என்ற அட்டை தெரிந்த இடத்திலெல்லாம் கதவைத் தட்டி, கையால் வானத்தைக் காட்டிக் கேட்டாள். சிலர் சிரித்தார்கள், ஒருத்தி கதவைச் சாத்தினாள். வாடகைக்குப் போகிற வசதியும் அவர்களுக்கு இல்லை, இருந்ததெல்லாம் அந்தச் சுவருக்கு எதிரே போட்டாயிற்று. தெரிந்தேதான் தட்டினாள். இப்படியே பல நாள் நடந்தபின் மருந்துக்கடைக்காரி ஒருத்தி, சைகையும் அரைகுறை வார்த்தைகளுமாக, இவள் கேட்பதை என்னவோ புரிந்துகொண்டு தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். வீடு வாடகைக்கு இல்லை. அவளுடைய அப்பா படுத்த படுக்கை. பகலில் கடைக்குப் போகும்போது பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். பின்பக்கம் முற்றம் இருந்தது.

"இந்த வயசுல மறுபடி வேலைக்கா?" என்றார் 'சரிங்க'. "இந்தக் கையை வச்சுக்கிட்டு? ஊர்ல என்ன நினைப்பாங்க?"

"வேலைக்குப் போகல. வெயிலுக்குப் போறேன்."

"நான் வேணும்னா ஏஜென்ட்டை இன்னொரு தடவை..."

"சோறு குக்கர்ல இருக்கு" என்றாள்.

காலையில் அவள் போய்விடுகிறாள். கிழவருக்குத் துடைத்துவிட்டு, கஞ்சி கொடுத்து, சக்கர நாற்காலியில் உட்காரவைத்து முற்றத்துக்குத் தள்ளுகிறாள். அவர் பேசுகிற பாஷை இவளுக்குத் தெரியாது, இவளுடையது அவருக்குத் தெரியாது. நிழல் நகர நகர நாற்காலியை நகர்த்துகிறாள், தன் முக்காலியையும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்கிறாள். சில சமயம் அவர் கையை அசைத்து, வெயில் போதும், உள்ளே போகலாம் என்கிறார். அவள் பார்க்காத மாதிரி இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறாள்.